உப்பு நிறுத்திய நாட்கள்

அருப்புக்கோட்டையில் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். உப்பு மூட்டையை மட்டும் வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள். உப்பைத் திருட இங்கே யாருக்கும் கை வராதாம். பர்மாவில் நாங்கள் இருந்த மோல்மேனில் கடை வாசலில் ஒரு துடைப்பத்தை மறந்துவிட்டுப் போனாலும் காலையில் அது இராது. அங்கிருந்து வந்த புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்த மூட்டையில் முதன்முதலாகக் கைவைத்தது என் மகள்தான் என்பதால் இப்போது சிரிப்பதில்லை. என்னைப் போலக் கப்பலேறி வந்து, பிறந்த ஊர் ஒன்றும் சொந்த ஊர் ஒன்றுமாக இருக்கிறவர்களுக்கும், பிள்ளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் இதை எழுதுகிறேன்.

என் மகள் ரூபி மோல்மேனில் பிறந்தவள். நடக்கப் பழகுமுன்பே ஓடப் பழகிவிட்டாள் என்று அவளைப் பற்றிச் சொல்வோம். சோற்றில் ஒரு வாய் உண்டால் அடுத்த வாய்க்கு அவளைப் படித்துறையில் தேட வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்பாள். ஆனால் அங்கே அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. எங்கள் வீடு மரக்கால்களின் மேல் நின்ற வீடு. கீழே வெட்டவெளி, எதிரே ஆறு. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி தோ மியா தினமும் காலையில் சந்தனம் போலத் தனகாக் கட்டையை உரைத்து அவள் கன்னத்தில் பூசிவிடுவாள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் ரூபி அசையாமல் நிற்பாள். ஜப்பான்காரன் சண்டை வந்தது. அகப்பட்ட கப்பலில் நானும் அவளும் ஏறினோம். என் வீட்டுக்காரர் பிறகு நடந்தே வந்து சேர்ந்தார்.

அருப்புக்கோட்டை அவருடைய ஊர். அவருடைய அக்கா அன்னம்மா மதினியின் வீட்டில் இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் பஞ்சு அரைக்கும் மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். எங்கள் தெரு நெசவாளர் தெரு. காலையில் தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவார்கள். பாவு என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான இழை, இடுப்பு உயரத்துக்கு. அந்த நேரத்தில் கோழிகூட ஓரமாகத்தான் நடக்கும். ரூபியோ நேரே உள்ளே புகுந்து மறுபக்கம் போவாள். ஒரே மாதத்தில் மூன்று தடவை பாவு அறுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவள் உட்காரவில்லை, மற்றவர்களையும் உட்காரவிடவில்லை என்று.

மூன்றாவது தடவை எதிர்வீட்டு நெசவாளர் கந்தப்பன் கையில் அறுந்த நூலோடு வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நூலே கிடைக்காத காலம்மா இது. பிள்ளைய அடக்குங்க, இல்ல வேற தெரு பாத்துக்கோங்க. எங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல."

எங்களுக்கு வேறு தெரு இல்லை. மறுநாளே டவுன் டாக்டரிடம் போனேன். அவர் ரூபியைத் தட்டிப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் அவள் அவருடைய மேஜையின் மூன்று இழுப்பறைகளையும் திறந்து பார்த்துவிட்டாள். புரோமைடு மிக்ஸர் எழுதிக் கொடுத்தார். நரம்பைச் சாந்தப்படுத்தும், பதினைந்து நாள் கழித்துக் காட்டுங்கள் என்றார். கம்பவுண்டர் பாட்டிலின் பக்கத்தில் வேளைக்கு ஒரு கோடாகக் காகிதத்தை வெட்டி ஒட்டித் தந்தார்.

இந்த ஊரில் ஒருவர் மருந்து சாப்பிடுகிறார் என்றால் முதலில் கேட்பது என்ன நோய் என்றல்ல, என்ன பத்தியம் என்று. டாக்டர் பத்தியம் எதுவும் சொல்லவில்லை என்றேன். மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்தியம் இல்லாத மருந்து தண்ணீருக்குச் சமம் என்று சொல்லி, அன்று மத்தியானமே ரூபியின் சோற்றுக்குத் தனிப் பானை வைத்துவிட்டார். உப்பு கிடையாது, புளி கிடையாது, கருவாடு கண்ணில் படக்கூடாது. மோல்மேனில் ஆஸ்பத்திரி மருந்துக்கு நாங்கள் பத்தியம் பிடித்ததே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏற்கெனவே ஙப்பி என்கிற பர்மா மீன்விழுதைத் தின்று வளர்ந்தவள் என்று என்னைக் கேலி செய்கிற வீடு; அவர் போடுகிற சோற்றைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் இது ஒன்று என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

ஒரு வாரத்தில் ரூபி அடங்கினாள். தெருவே சந்தோஷப்பட்டது. கந்தப்பன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தது. பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை இப்போது தங்கம் என்றார் டீச்சர். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நானும் சந்தோஷப்பட்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மத்தியானம் படுத்துத் தூங்கினேன். பதினைந்து நாள் கழித்து டாக்டரிடம் போகவில்லை. கம்பவுண்டரிடம் பாட்டிலை மட்டும் நீட்டி மறுபடி நிரப்பி வாங்கினேன்.

பிறகு அவள் முகத்தில் சிவப்புச் சிவப்பாகப் பரு கிளம்பியது. சூடு என்றார் மதினி. என் பெட்டியின் அடியில் கிடந்த தனகாத் துண்டை எடுத்து உரைத்துப் பூசினேன். கன்னம் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அம்மை கண்ட பிள்ளை என்று அடுத்த வீட்டுக்காரி வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டுப் போனாள். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரூபியின் பேச்சு குழறியது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். அடங்கின பிள்ளை இப்படி இருக்காது. எனக்குப் பயம் வந்தது.

அந்தப் பயத்தைத் தெளிவாக்கியவர் பஸ் கண்டக்டர். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து இங்கே பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்கள். அதைப் பற்றவைத்து, கைச்சக்கரம் சுற்றி ஊதிக் கிளப்ப அரைமணி நேரமாகும். எதற்கும் நிற்காத ரூபி அந்த அரைமணியும் நின்று பார்ப்பாள். முடிந்ததும் கண்டக்டரிடம், "மோல்மேன் போகுமா?" என்று கேட்பாள். முதல் நாள் அவர், "அது எந்தப் பக்கம் தாயி, காரியாபட்டி தாண்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று இவளும் தலையாட்டினாள். அப்புறம் தினமும் இவள் கேட்பதும், "அந்தப் பஸ்ஸு இன்னும் வரல, நாளைக்கு வா" என்று அவர் சொல்வதுமாக நடந்தது. இந்தக் கேள்வியை அவள் மறக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் வேண்டியிருக்கிறேன். இப்போது அவர் என்னை வழியில் நிறுத்தி, மோல்மேன் பிள்ளை ஒரு மாதமாக வரவில்லையே, ஊருக்குப் போய்விட்டதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவள் நிஜமாகவே மறந்துவிட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன்.

அதே வாரம் பலசரக்குக் கடை ராவுத்தர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவள் வாயோரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. மூட்டையின் ஓட்டைக்குள் விரலை விட்டுக் கல் உப்பை எடுத்து மென்றுகொண்டிருந்தாளாம். மூன்று நாளாகவே பார்க்கிறாராம்.

"திருடுனதுக்காகச் சொல்ல வரலம்மா. பச்சப் பிள்ள உப்ப அள்ளித் திங்குது. ஒங்க வீட்டுல அதுக்கு உப்புப் போட்டுச் சோறு குடுக்க மாட்டீகளா?"

உள்ளேயிருந்து மதினி, பத்தியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று தலையில் கைவைத்தார். எனக்கு அது கேட்கவில்லை. மூன்று நாளாக என்று ராவுத்தர் சொன்னது மட்டும் காதில் நின்றது. அந்த மூன்று நாளில்தான் ரூபி கூப்பிட்டதும் திரும்பினாள். நேற்று சுவரைப் பிடிக்காமல் கொல்லைக்குப் போனாள். பூசிய தனகாவால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், டாக்டரிடம் போனேன்.

அவர் ரூபியின் கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உப்பை யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. பத்தியம்."

அவர் விளக்கினார். இந்த மருந்து உடம்பை விட்டு வெளியே போவதற்கு உப்பு வேண்டுமாம். உப்பை நிறுத்தினால் மருந்து போகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டே இருக்குமாம். நாங்கள் நாற்பது நாளாக, ஒரு வேளை தவறாமல், மருந்தையும் கொடுத்து அது வெளியேறும் கதவையும் பூட்டியிருக்கிறோம். பிள்ளைக்குத் தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. பத்தியம் பிடிக்கிறீர்களா என்று தாம் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதை அவர் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. மருந்தை நிறுத்தி, உப்புத் தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தனிப் பானையைக் கொல்லையில் கவிழ்த்தேன். மதினியிடம் முதல் தடவையாக நேருக்கு நேர் பேசினேன். என் பிள்ளைக்கு இனி நான்தான் சோறு போடுவேன், பிடிக்காவிட்டால் தெருவில் அடுப்பு மூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் அழுதுவிட்டார். அவரும் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார். அது எனக்கும் தெரியும். சாயங்காலம் அவரே ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் கரைத்து, ரூபியின் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார்.

பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. ஒரு காலையில் கந்தப்பனின் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாவு நடுவில் தொங்குகிறது, ரூபி தெருக்கோடியில் ஓடுகிறாள். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. ரூபி கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மோல்மேன் போகுமா?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அந்தப் பஸ்ஸு இன்னும் வரல தாயி. நாளைக்குக் கண்டிப்பா வா" என்றார்.

அளவைக் குறைத்து மருந்தை மறுபடி தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னார். இவளுக்கு வேண்டாம் என்றேன். மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கலாம், நான் டாக்டர் இல்லை. கொடுக்கிறவர்கள் டாக்டரிடம் எல்லாம் கேட்டுக் கொடுங்கள், கொடுத்தபின் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். இப்போது பாவு ஆற்றும் நேரத்தில் நானும் அவளும் குடத்தோடு ஊருக்கு வெளியே நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகிறோம். எத்தனை நடை என்றாலும் அவள் சளைப்பதில்லை. எனக்குத்தான் முழங்கால் கழன்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் அவள் கடைசி வரிசையில் நின்றுகொண்டு படிக்க டீச்சரிடம் மூன்று நாள் மன்றாடி அனுமதி வாங்கினேன். இன்னும் சிலேட்டை உடைக்கிறாள். இன்னும் மாதத்துக்கு ஒரு தடவை கந்தப்பன் வாசலில் வந்து நிற்கிறார். அறுந்த இழைகளை முடிச்சுப் போட நானும் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் ராவுத்தர் கடையில் உப்பு வாங்கிக்கொண்டு வரும்போது, பஸ் நிற்குமிடத்தில் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்றார். இங்கே வந்ததிலிருந்து என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. உப்புப் பொட்டலம் இருந்த கையையே கிழக்கே நீட்டினேன். அப்போது ரூபி எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு, பசிக்கிறது என்று கத்தியபடி, மேற்கே எங்கள் தெருவுக்குள் ஓடினாள். நீட்டிய கையை இறக்காமலே நான் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.