கரண்ட் வந்துச்சு மச்சி

மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயிலின் பாடகர் மாடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்லூரி முடித்த வருஷம் நானும் என் சிநேகிதனும் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. பூசையை வீட்டில் இருப்பவர்கள் காதுக்கு அனுப்புவது அதன் வேலை. அவன் கனடா போய்ப் பல வருஷமாகிறது.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. கோட்டூர்புரத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் வரிசையில் நின்று பாடியே பழகியவளுக்கு அதன்பின் அந்தக் கம்ப்யூட்டர்தான் கோயில்.

கோயிலில் புது மைக் பெட்டி வாங்கியதும் சத்தம் விட்டு விட்டு வந்தது. "பாட்டா இது? விக்கல் எடுக்கிற மாதிரி இருக்கு," என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வரும் ஞாயிறு திருவிழாப் பூசை. வருஷா வருஷம் அவள் எடுத்துக் கொடுக்கும் பாட்டு அன்றைக்குத்தான். அதையாவது முழுசாகக் கேட்கணும் என்றாள்.

மைக்கோடு பேச கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன நிரல் வேண்டும். கெர்னல் மாட்யூல் என்போம். நாங்கள் எழுதியதுதான். திருத்தி ஏற்றினேன், அதே விக்கல். மூன்று நாள் தி.நகர் ஆபீஸிலிருந்து ஓடிவந்து திருத்தித் திருத்தி, தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. நாலாம் நாள் எரிச்சலில், மாட்யூல் எழுந்ததும் 'வந்துட்டேன்' என்று சொல்ல ஒரு வரி சேர்த்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். திரையில் அந்த வரி இல்லை. 'கரண்ட் வந்துச்சு மச்சி' என்று இருந்தது.

சிரித்துவிட்டேன். அது அவன் எழுதிய வரி. அப்போதெல்லாம் பூசை நடுவிலேயே கரண்ட் போகும். திரும்பி வந்ததும் மைக் உடனே பேசவேண்டும் என்று, கம்ப்யூட்டர் எழும்போதே முதலில் படிக்கிற தொகுப்புக்குள் மாட்யூலின் நகல் ஒன்றைத் திணித்து வைத்திருந்தான். அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். நான் எத்தனை புதுசு செய்தாலும் அந்தப் பழையது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், அம்மா கொடுத்தனுப்பிய அச்சு முறுக்கைத் தின்றுகொண்டே கரண்டுக்காகக் காத்திருந்த மாடம் அது. அந்த நாட்களுக்காக மனசு அடித்துக்கொண்டது. திரையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, பழைய நகலை எடுத்துப் புதுசை வைத்தேன். 'வந்துட்டேன்' வந்தது. விக்கல் நின்றது.

அவன் பதிலும் வந்தது. "இன்னாடா, இன்னும் அதையா ஓட்டிக்கினு கீறே? தூக்கிப் போடு மச்சி." கீழே இன்னொரு வரி. "அம்மா இன்னும் முதல் வரிசைலதான் நின்னு பாடிக்கினு கீறாங்களா?"

ஏதோ தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டி அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த அம்மா, ஹெட்போனில் பாடகர் குழு ஆரம்பிக்கும் முன்பே முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். குரல் நடுங்கியது. கை போர்வைமேல் தாளம் போட்டது. கட்டிலும் வாக்கரும் தெரிய அதைப் போனில் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. ராத்திரி ஒரு வரி வந்தது. "அதைத் தூக்கிப் போட்டுடாதே மச்சி."