அத்தை தண்ணீர் குடித்த ஊர்

அன்றைக்கு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பட்டுப்புடவை கட்டி உள்ளறையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த அத்தை, அத்தைக்கு அந்தக் கல்யாண இடத்தைக் கொண்டுவந்த பெரியப்பா, கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அவருடைய அம்மா, அப்புறம் நான். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவளையெல்லாம் கணக்கில் சேர்க்காதே என்பாள் அம்மா. ஆனால் நடந்தது தெரு முழுக்கப் போனது அவள் வாய் வழியாகத்தான் என்பதால் அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பயப்படுவதில் மட்டும் தொண்ணூறு. குழாயில் தண்ணீர் நின்றால் இனிமேல் வரவே வராது என்று பயப்படுவேன். அப்பா வேலையிலிருந்து வரக் கொஞ்சம் நேரமானால், அவர் இல்லாமல் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று வாசற்படியில் உட்கார்ந்து திட்டம் போட ஆரம்பித்துவிடுவேன். பின்னாளில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்குக்கூட வீட்டு நிலைமை பாதி என்றால் பரீட்சைப் பயம் பாதி. அப்படிப்பட்ட வீட்டில், அப்படிப்பட்ட எனக்கு, உலகத்திலேயே எதற்கும் பயப்படாத ஓர் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. ஊருக்கு வெளியே புதிதாகக் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்து தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். கை நடுங்காத பெண்பிள்ளைகள் வேண்டும் என்று தேடி எடுத்தபோது அத்தைக்கு வேலை கிடைத்தது. அதிலும் சிலரைப் பொறுக்கி ஜப்பானுக்கே பயிற்சிக்கு அனுப்பியபோது அத்தை பெயரும் அதில் இருந்தது. எங்கள் தெருவில் அதுவரை பெரிய பயணி என்றால் திருப்பதிக்கு நடந்தே போய்வந்த பால்காரர்தான். அத்தை மிலிட்டரிச் சந்தையில் வாங்கிய ஆம்பிளை ஸ்வெட்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய் போய்க் கப்பல் ஏறினாள். அவள் திரும்பி வரும்வரை நான் கடல் என்ற ஒன்றைப் பார்க்காமலே அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தாள். பத்திரமாக வந்தாள். எனக்கு மூடியில் பூப்போட்ட ஒரு பென்சில் டப்பா கொண்டுவந்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை சொல்லிக் கொடுத்த பெண்ணோடு சிநேகிதமாகிவிட்டதாம். பாஷை தெரியாது, எல்லாம் கைஜாடையும் சிரிப்பும்தான். ஒரு விடுமுறைக்கு அந்தப் பெண் அத்தையைத் தன் சொந்த ஊருக்கு ராத்திரி ரயிலில் அழைத்துப் போயிருக்கிறாள். அந்த ஊர் ஹிரோஷிமா.

முதல் சில நாட்கள் அந்தக் கதை எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. ஊரைக் கூறு போட்டு ஓடுகிற ஆறுகளாம், எங்கே திரும்பினாலும் பாலமாம், பளபளவென்று புதுக் கடைகளாம், நடுத்தெருவில் டிராமாம். அப்பா வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து, சொல்லும்மா சொல்லும்மா என்று சொல்ல வைப்பார். பெரியப்பா வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. பெரியப்பாவுக்கு உலக ஞானம் முழுவதும் தெருமுனை சலூனில் கிடைத்தது. முடிவெட்ட வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் காலையிலிருந்து பத்திரிகை படிப்பார். அவருக்கு வெட்ட முடிதான் இல்லை. அவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அணுகுண்டு போட்ட ஊராச்சே அது? விஷம் மண்ணுல நிக்கும்பா. மிதிச்சவங்களுக்கு முதல்ல முடி கொட்டும். அப்புறம் புள்ள தங்காது” என்றார்.

அப்பா சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மறுநாள் அம்மா, அத்தை அந்த ஊரில் கட்டியிருந்த புடவையை மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அண்டாவில் வேகவைத்தாள். விஷம் போயிற்றோ இல்லையோ, சாயம் சுத்தமாகப் போய்விட்டது. என் பென்சில் டப்பா மொட்டை மாடியில் வெயில் காய்ந்தது. நானோ யாரும் சொல்லாமலே சீப்பைப் பார்க்கும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டேன். அத்தை தலைவாரி முடித்ததும் சீப்பை வெளிச்சத்தில் பிடித்து, பல்லிடுக்கில் மாட்டியிருக்கும் முடியை எடுத்துப் பார்ப்பேன். ஒன்று வந்தால் சீப்பை மறுபடி மறுபடி திருப்பிப் பார்ப்பேன். ஒன்றுமே வராத நாளில் பள்ளிக்கூடத்துக்குக் குதித்துக்கொண்டு போவேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அம்மாவின் சீப்பையும் பார்த்துவைத்தேன்.

இந்த நிலைமையில்தான் தங்கவயல் இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல இடம், கை நழுவினால் இனி கிடைக்காது என்றார் பெரியப்பா. அத்தைக்கு இருபத்துநாலு முடிந்திருந்தது. அது வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத எண். ஜப்பான் போனது அவர்களுக்குத் தெரியும், அது பெருமைதான். ஆனால் டோக்கியோ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அந்த ஊரின் பெயர் நம் வாயிலிருந்து வரக்கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. போன ஊரைப் போகவில்லை என்று எப்படிச் சொல்வது என்று அத்தை கேட்டாள். பொய் சொல்லவே வேண்டாம், கேட்டால்தானே சொல்லணும், சும்மா இரு போதும் என்று அப்பா கெஞ்சினார். அத்தை சும்மா இருக்க ஒப்புக்கொண்டாள். என்னிடம் யாரும் சத்தியம் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அத்தை காபித் தட்டோடு வந்து கும்பிட்டாள். மாப்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் செருப்பில்லாத காலைப் பார்த்தார். அவருடைய அப்பா நடுநடுவே இருமிக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தை ரசித்தார். மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதுகில் கிடந்த பின்னலைத் தூக்கி, நுனிவரைக்கும் உருவிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, சொந்த முடியா, சவுரியா?”

பெண் பார்க்க வருகிற பொம்பளைகள் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் அது. சவுரி வைத்துப் பின்னி ஏமாற்றுகிறார்களா என்று தொட்டுப் பார்ப்பது வழக்கம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எனக்கு அது தெரியாது. முடி என்ற சொல் காதில் விழுந்ததும், விஷயம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அத்தையைக் காப்பாற்ற அந்த அறையில் ஆதாரம் கையில் இருந்த ஒரே ஆள் நான்தான்.

“சொந்த முடிதான்! குண்டு போட்ட ஊருக்குப் போயிட்டு வந்தப்புறம்கூட கொட்டவே இல்ல. நான் தினமும் சீப்பைப் பார்க்கிறேன். எங்கம்மாவுக்குத்தான் ரொம்பக் கொட்டுது.”

அம்மாவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பெரியப்பா பஜ்ஜியை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா பின்னலைக் கீழே விட்டாள், சுடுபாத்திரத்தை விடுகிற மாதிரி.

“எந்த ஊரு?”

அப்பா முந்திக்கொண்டார். “அது ஒண்ணுமில்லீங்க, ரயில்ல போறப்போ ஜன்னல் வழியா...”

“இல்லண்ணா,” என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. “இறங்கி நடந்தேன். ஹிரோஷிமாங்க. ரெண்டு நாள் தங்கினேன். சோறு சாப்பிட்டேன். தண்ணி குடிச்சேன்.”

“அய்ய! இடிஞ்ச ஊர்ல பார்க்க இன்னாம்மா இருக்குது?”

“இடிஞ்சது ஒரே ஒரு கட்டடம்தாம்மா நிக்குது. மத்ததெல்லாம் திரும்பக் கட்டிட்டாங்க. நம்ம கமர்ஷியல் தெருவைவிட ஜேஜேன்னு இருக்குது. இனிமே புல்லுகூட முளைக்காதுன்னு சொன்னாங்களாம். அடுத்த வேனலுக்கே அரளி பூத்துச்சாம்.”

“அரளியே விஷம்தானே!”

“விஷம்தான். சாமிக்கு வைக்கிறோமில்ல?”

ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் ஜன்னல் காலியாயிற்று, ஒரு நிமிஷத்துக்கு.

அதற்கப்புறம் அத்தை பேசியது எனக்கு இன்றைக்கும் அப்படியே கேட்கிறது. அந்தச் சிநேகிதி பதினைந்து வயதில் அங்கே டிராமில் வேலை செய்தவளாம். ஆம்பிளைகள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பள்ளிக்கூடப் பெண்களே டிராம் ஓட்டி, டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். குண்டு விழுந்த அன்றும் அவள் வேலையில்தான் இருந்தாள். மூன்றாம் நாளே ஒரு தடத்தில் டிராம் ஓடியதாம். வீடு இல்லாத ஊரில், இறங்கிப் போக இடமில்லாத ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியதாம்.

“அவளையும் அஞ்சாறு வீட்டுல பொண்ணு பார்த்துட்டுப் போயிருக்காங்கம்மா. ஊர் பேரைக் கேட்டதும் எழுந்து போயிட்டாங்களாம். அவ வீட்டுல உக்காந்து அவங்கம்மா போட்ட சோத்தைத் தின்னுட்டு வந்து, அந்த ஊருக்கே நான் போகலைன்னு இங்க சொன்னா, நானும் எழுந்து போன மாதிரிதானே?”

கடைசியில் பேசியது மாப்பிள்ளை. அதுவரை அவருக்குக் குரல் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

“அந்த டிராமு இப்பவும் ஓடுதுங்களா?”

“ஓடுதுங்க. நான் ஏறினேன். அவதான் டிக்கெட் எடுத்தா.”

“வாயை மூடுடா,” என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். ரயிலுக்கு இன்னும் ஒரு தூக்கம் போடுகிற நேரம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் உடனே எழவில்லை. காபியை நிதானமாகக் குடித்து முடித்து, “பூமிக்கடியில பாறை வெடிச்சா எங்க லைன் வீடுங்கள்லயும் சுவரு விழும்மா. மறுநாள் ஷிஃப்டுக்கு இறங்கிடுவோம்” என்றார். பிறகு அத்தையிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து குடித்துவிட்டுப் போனார்.

அந்த இடம் தட்டிப்போனது. சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். முடி கொட்டுகிற விஷயத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்பா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார். அந்த வாரக் கடைசியில் நான் கடைக்குப் போகும்போது சலூன் பெஞ்சில் அவர் குரல் கேட்டது: “என் தங்கச்சி இன்னா லேசுப்பட்டவளா? அணுகுண்டு போட்ட ஊர்லயே போயி தண்ணி குடிச்சவ!” பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தானே கூடப் போய்வந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார். மறைக்க வேண்டிய ஊர் அதன்பின் எங்கள் குடும்பத்தின் விலாசமாகவே ஆகிவிட்டது. தெருவில் அத்தை நடந்தால் சிறுசுகள் பின்னால் ஓடி, ஜப்பான் அக்கா, ஜப்பான் அக்கா என்பார்கள். நான் முன்னால் நடப்பேன்.

அத்தைக்குப் பின்னால் கல்யாணம் ஆனது, குழந்தைகளும் பிறந்தன. வந்த மனிதரிடம் முதல் வார்த்தையாக அந்த ஊரின் பெயரைச் சொன்னாளாம். அவர், அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டாராம். அது தனிக்கதை.

நான் சொல்ல வந்த பாக்கி வேறு. மாப்பிள்ளை வீட்டார் போன அன்று சாயங்காலம் அத்தை தன் பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து எனக்குக் காட்டினாள். டிராமுக்கு முன்னால் அவளும் அந்தச் சிநேகிதியும் நிற்கிறார்கள். நல்ல வெயில், பின்னால் இருக்கிறவர்கள் எல்லாம் விசிறியும் குடையுமாக இருக்கிறார்கள். சிநேகிதி மட்டும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் சிரிக்கிறாள். இவ்வளவு வெயிலில் ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் எப்பவும் அப்படித்தான் என்றாள் அத்தை.

எனக்கு அந்தச் சட்டை மனசில் ஒட்டிக்கொண்டது. யுகாதிக்குக் கவுன் தைக்கும்போது முழுக்கைதான் வேண்டும் என்று அழுது புரண்டேன். துணி அதிகம் பிடிக்கும் என்று அம்மா திட்டினாள். வெயில் காலத்தில் எந்தக் குழந்தை இதைக் கேட்கும் என்று தையல்காரர் சிரித்தார். ஆனாலும் தைத்தாகிவிட்டது, மணிக்கட்டில் பொத்தானோடு. அதைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் தெருவை மேலும் கீழும் அளந்தேன். குளிருதா பாப்பா என்று கேட்டவர்களுக்கெல்லாம், இது ஜப்பான் ஸ்டைல் என்றேன். முதுகில் வியர்வை ஓடியது. அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

அத்தை தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்து, கழன்றிருந்த பொத்தானைத் தன் கடிகாரக்காரி விரல்களால் போட்டுவிட்டாள். பொத்தான் போட்ட பிறகும் மணிக்கட்டை விடவில்லை.

“ஏண்டி இப்படித் தைக்கச் சொன்ன?”

“அந்த அக்கா மாதிரி.”

“அவ எதுக்குப் போட்டுக்கறான்னு தெரியுமா உனக்கு?”

“அழகுக்கு.”

அத்தை என் கையைத் துணியோடு சேர்த்துத் தடவினாள். “ஆமா,” என்றாள். “அழகுதான்.”

குழாய்த் தண்ணீருக்கும், கடலுக்கும், சீப்பில் வந்த ஒற்றை முடிக்கும் பயந்த நான், குண்டு விழுந்த அன்று டிராமில் இருந்த ஒருத்தி அந்த முழுக்கைக்குள் எதை மூடி வைத்திருப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. இன்னொரு கையை நீட்டி, இந்தப் பொத்தானையும் போட்டுவிடு அத்தை என்றேன்.