அப்பா வைத்த கோழிச்சாறும் அவர் நெஞ்சில் இருந்த தூசியும்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வெயிலென்றும் வேலையென்றும் பாராமல் வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு ஒரே வண்டியில் போய் வந்த ரிக் வண்டிக் கூட்டாளிகளுக்கும் முதலில் வணக்கம். இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும் பொறுப்பு மூத்த மகளான என்மேல் விழுந்தது. "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு சாமி, ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் வேண்டாம்" என்று பெரியப்பா சொன்னார். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு அப்பாவின் கதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா வெண்ணந்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், மழையை நம்பிய மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டில் கடைசி ஆண்பிள்ளையாகப் பிறந்தார். நிலக்கடலையும் சோளமும் போடும் காடு. மழை ஏமாற்றிய வருடங்களில் தாத்தா கூலிக்குப் போனார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அப்பா, மீசை அரும்பும் முன்பே திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் உதவியாளாக ஏறிவிட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் நம் பக்கத்திலிருந்து கிளம்பி ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் சுற்றும். சொந்தக் காட்டுக்குத் தண்ணீர் இல்லாத வீட்டுப் பிள்ளை, யார் யார் காட்டுக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

பாறையில் துளை இறங்கும்போது கல்தூசி வெள்ளை வெளேரென்று மேலே கிளம்பும். கீழே தண்ணீர் தட்டுப்பட்டால் தூசி அடங்கிச் சேறாகிவிடும். தட்டுப்படும் வரை தூசிதான். தட்டுப்படாத கிணறுகளும் எத்தனையோ. அப்பா உழைத்து, துளை போடும் டிரில்லராக உயர்ந்தார். உயர்ந்ததால் துளைக்கு இன்னும் பக்கத்தில் நின்றார். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அவர் ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தால் துணி மடிப்பெல்லாம் மாவு கொட்டினாற்போல் இருக்கும். அம்மா அவற்றை வாசலில் உதறுவார். நானும் தம்பியும் பக்கத்தில் நின்று தும்முவோம். வளர்ந்ததும் தம்பியும் அப்பா வழியிலேயே ரிக் வண்டியில் ஏறினான். நான் திருமணமாகி ராசிபுரம் வந்து, ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

தம்பி ஏறிய கொஞ்ச காலத்தில் அப்பா இறங்கிவிட்டார். வண்டியின் ஏணியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். ஐம்பதைக்கூடத் தொடாத மனிதரைப் பார்த்து வயசு என்று சொன்னோமே, அதை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. குடும்பம் நடக்க அம்மா நூல் மில்லுக்குப் போகத் தொடங்கினார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மில் வேன் அம்மாவைத் தெருமுனையில் இறக்கிவிடும். அவர் வந்து அடுப்புப் பற்ற வைப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அப்பா அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ரிக் வண்டியில் முறை வைத்துச் சமைத்த பழக்கம் அவருக்கு இருந்தது.

அப்பாவின் தங்கையான எங்கள் அத்தைக்கு இது பொறுக்கவில்லை. "ஏனுங்ணா, அப்படியே ஒரு சேலையும் கட்டிக்கறதுதானே?" என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

அப்பா கரண்டியைக் கீழே வைக்காமல் சொன்னார்: "மில்லுல நின்னுட்டு வாரவளுக்கு, சேலை கட்டுன ஆளு வெச்சாத்தான் சாறு எறங்குமா?"

அன்றைக்கு முதல் டம்ளர் அம்மாவுக்கு, இரண்டாவது அத்தைக்கு. குடித்துவிட்டு அத்தை டம்ளரைத் திரும்ப நீட்டினார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கோழிச்சாற்றை எப்படி வைப்பார் என்று இன்றும் பலர் கேட்கிறீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாட்டுக்கோழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. வேலை நாளில் தெருக் கடையில் கிடைக்கும் பண்ணைக்கோழிதான். கழுத்து, ரெக்கை, நெஞ்செலும்பு என்று எலும்பாகக் கேட்டு வாங்குவார். மஞ்சள் தூள் போட்டு அலசி வைத்துவிட்டு, மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, பூண்டு, ஒரு துண்டு இஞ்சி எல்லாவற்றையும் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுவார். மிக்ஸி பக்கத்திலேயே இருக்கும், தொடமாட்டார். "மாவா அரைச்சா அது கொழம்பு, தட்டிப் போட்டாத்தான் சாறு" என்பார். குக்கரில் கொஞ்சம் நல்லெண்ணெய், கறிவேப்பிலை, நசுக்கிய சின்ன வெங்காயம். அது வதங்கியதும் தட்டியது, ஒரு தக்காளி, கோழி, உப்பு. பச்சை வாசம் போகக் கிளறித் தண்ணீர் ஊற்றி மூடி போட்டால் அவர் வேலை முடிந்தது. அம்மா கைகால் கழுவி, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு வருவதற்குள் குக்கர் அடங்கியிருக்கும். ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு, மீதியைச் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தால் இராச்சாப்பாடு ஆயிற்று. வேறு குழம்பு கிடையாது, பொரியல் கிடையாது. அசதியாக வந்த அம்மா பாத்திரம் கழுவ அதிக நேரம் நிற்க வேண்டியதும் இல்லை. இதைவிட ஒரு கணவன் மனைவிக்கு என்ன செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் பெரியப்பா வேண்டாம் என்றது.

மில்லில் பஞ்சுத் தூசிக்கு வெல்லம் தின்பார்கள். ரிக் வண்டியில் கல்தூசிக்குக் கோழிச்சாறு குடிப்பார்கள். மிளகு தூக்கலாகப் போட்டுச் சூடாகக் குடித்தால் அது நெஞ்சைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பா அதை முழுசாக நம்பினார். இருமல் இருந்தது, நாளுக்கு நாள் கூடியது. ஆனால் சாறு இறங்கியதும் சளி இளகும், இருமல் அடங்கும், அப்பா நிம்மதியாகத் தூங்குவார். மறுநாள் பகலில் இருமல் திரும்பி வரும், சாயங்காலம் அப்பா திரும்பச் சாறு வைப்பார். கண்ணெதிரே கேட்கிற மருந்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அக்கம்பக்கத்தாரும் பிள்ளைகளின் சளிக்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால், "ஏ புள்ள, ஊட்டுலயே மருந்து கொதிக்குது, ஊரெல்லாம் எதுக்குத் தேடற?" என்று வாயை அடைத்துவிடுவார். அந்தக் கைப்பக்குவம் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் அப்பா முன்னமே டாக்டரைப் பார்த்திருப்பார் என்று எனக்குச் சில நேரம் ஆத்திரமாக வரும்.

சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. மிளகு தட்டும்போது நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்வார். ஒருநாள் அம்மா மில்லிலிருந்து வந்தபோது அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடு கறுத்திருந்தது. இடிகல்லில் மிளகு பாதி தட்டியபடி இருந்தது. மறுநாள் காலையில் சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "என்ன வேலைங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ரிக்குல டிரில்லருங்க."

"இவ்வளவு நாளா இருமலுக்கு என்ன செஞ்சீங்க?"

"மொளகு போட்டுக் கோழிச்சாறு குடிப்பனுங்க. குடிச்சா நின்னுருமுங்க."

டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்போம். மெதுவாகச் சொன்னார்: "சாறு நல்லதுதானுங்க ஐயா, உடம்புக்குத் தெம்பு. ஆனா அது வயித்துக்குப் போகுது. தூசி இருக்கறது நுரையீரல்ல. ரெண்டுக்கும் வழி வேற."

சேர்ந்த தூசியை இனி எடுக்க முடியாது, நுரையீரல் இறுகிவிட்டது என்றார். பேருந்து நிலையம் வந்ததும் அப்பா, "அப்ப சின்னவனுக்கு?" என்று மட்டும் கேட்டார். தம்பி அப்போது சத்தீஸ்கரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். தன் உயிரைப் பற்றி அப்பா அதன்பிறகு கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. அவருடைய கவலையெல்லாம் தம்பியை வண்டியிலிருந்து இறக்குவதுதான்.

சில மாதங்களில் வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைக்க வேண்டியதாயிற்று. அதன் பக்கத்தில் தீ ஆகாது என்றார்கள். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு கிடையாது. அடுப்பைத் தூக்கிப் பின்புறத்தில், துணி துவைக்கும் கல் ஓரமாக வைத்தோம். ராசிபுரத்திலிருந்து வந்து அங்கே நான் சாறு வைக்க, அப்பா கட்டிலில் கிடந்தபடி வழி சொல்வார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு. மூக்கில் குழாய் இருந்ததால் அவருக்கு வாசம் தெரியவில்லை. "மொளகு... மணக்குதா... சாமி?" என்று கேட்பார். மணக்குதுங்கப்பா என்பேன்.

அழைத்ததும் தம்பி வந்து சேர்ந்தான். இருமிக்கொண்டே வந்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி... வண்டி ஏறாத... சாமி" என்றார். "இந்த ஒரு ட்ரிப் மட்டுமுங்கப்பா. ஒத்துக்கிட்டு வந்துட்டேன்" என்றான் அவன். வாதாட அப்பாவிடம் மூச்சு இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கடைசிச் சாயங்காலம் அம்மா தானே சாறு வைத்து, வடிகட்டிக் கரண்டியால் ஊட்டினார். விழுங்குவதற்கு ஒரு நொடி மூச்சை நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடி அப்பாவிடம் இல்லை. சாறு கடைவாயில் வழிந்தது. அப்பா கரண்டியை அம்மா பக்கம் தள்ளி, "நீ... குடி" என்றார். மறுநாள் மதியம் அவர் மூச்சு நின்றது. அந்த "நீ குடி"தான் அவருடைய கடைசிப் பேச்சு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நடுவில் தம்பி இருமிக்கொண்டு நின்றான். நல்லெண்ணத்தில்தான் ஒருவர் சொன்னார்: "அப்பன் நெஞ்சு அப்படியே இவனுக்கு. மொளகு சேத்து ஒரு சாறு வெச்சுக் குடுங்க, நின்னுரும்." அதுவரை அழக்கூடச் சத்தம் எழுப்பாத அம்மா எழுந்துவிட்டார். "இனி இந்த ஊட்டுல இருமலுக்குச் சாறுன்னு யாரும் பேசாதீங்க! தூசிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு நாங்க வயித்தக் கழுவிட்டு இருந்தமுங்க!" என்று கத்தினார். சொன்னவர் யாரென்று எழுதமாட்டேன். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. நாங்களும் அதையே நம்பியவர்கள்தான்.

காரியம் முடிந்தால் வீட்டில் கறி சமைத்துத் துக்கத்தை முடிப்பது நம் வழக்கம். அன்று பந்தியில் எல்லாம் இருந்தது, சாறு மட்டும் இல்லை. அதன்பிறகும் அம்மா அந்தக் குக்கரைத் தொடவில்லை.

இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிய ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், மின்சாரம் போன நாட்களில் சிலிண்டரோடு ஓடி வந்த தெருப்பிள்ளைகளுக்கும், அம்மாவுக்கு முகம் சுளிக்காமல் விடுப்புக் கொடுத்த மில் மேஸ்திரிக்கும், இன்று வரை வாரம் தவறாமல் வந்து அம்மாவோடு உட்கார்ந்து போகும் அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோரையும்விட, அப்பாவின் பழைய வண்டி மேனேஜர் அண்ணனுக்கு. பெட்டியோடு போய் நின்ற தம்பியிடம், "நெஞ்சுப் படம் எடுத்துட்டு வா, அப்புறம் ஏறு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர். ரிக் வண்டிக்குப் போய் வரும் மற்ற தம்பிமார்களும் அண்ணன்மார்களும் அப்பாவுக்காக அந்தப் படத்தை ஒருமுறை எடுத்துவிடுங்கள். நீங்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

தம்பியின் படத்திலும் நிழல் இருக்கிறது. இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன், எழுது என்றான். இப்போதே வேலையை விட்டால் நோய் மெல்லத்தான் கூடும், ஆனால் இருப்பது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விட்டுவிட்டான். இப்போது நாமக்கல்லில் முட்டை வண்டி ஓட்டுகிறான்.

படம் பார்த்துவிட்டுச் சேலத்திலிருந்து திரும்பிய அன்று, தம்பி கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய் எலும்புக்கறி வாங்கி வந்தார். பரணில் கிடந்த குக்கரை எடுத்துக் கழுவினார். மிளகைக் குறைத்துப் போட்டார். ஆவி பறக்கும் டம்ளரைத் தம்பி முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இது பசிக்குச் சாமி. இருமலுக்கில்ல."

தம்பி எடுத்துக் குடித்தான். நடுவில் இருமினான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.