தங்கச்சி போட்ட தாழ்ப்பாள்

என் தங்கச்சிக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு குணம். யாராவது பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் எழுதுவதை அப்படியே நிறுத்திவிடுவாள். பள்ளிக்கூட நோட்டைக்கூட என்னிடம் காட்டமாட்டாள். நான் ஏழாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். காட்டியிருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

இப்போது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். அதே கட்டடத்தில், கரண்ட் போனால் கைகொடுக்கிற பேட்டரிகளைப் பார்க்கிறவன் நான். கறுப்புத் திரையில் அவள் ஒரு வரி தட்டுவாள், மெஷின் பத்து வரி பதில் சொல்லும். டெர்மினல் ஜன்னல் என்பார்கள். அந்தப் பதிலில் நோயாளியின் பெயர் வரும், என்ன வியாதி என்று வரும், சில நேரம் வெளியே தெரியக்கூடாததும் வரும்.

ஆறு மாதத்துக்கு முன் அங்கே ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் வந்தது. திரையைப் படித்து, கோளாறு எங்கே என்று சொல்லும். வந்த நாளிலிருந்து அதற்குப் புது மாப்பிள்ளை மரியாதைதான்.

"மாப்பிள்ளைக்கு எல்லா ஜன்னலையும் திறந்து விடுங்க" என்றார் மேனேஜர். எந்நேரமும் தொப்பியோடு இருக்கிற மனுஷன். தொப்பிக்குக் கீழே ஒன்றும் கிடையாது என்பது ஊரறிந்த ரகசியம்.

தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. தானே உட்கார்ந்து ஒரு தாழ்ப்பாள் செய்தாள். எந்த ஜன்னல், எத்தனை வரி என்று ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். அவள் முதலில் படிப்பாள், வேண்டாத வரியை எடுப்பாள், பிறகு 'சரி' என்று தட்டினால்தான் அதன் கண்ணில் படும்.

"ஏம்மா, இப்படி ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டா வேலை எப்ப முடியும்?"

"ரெண்டு நிமிஷம் கூட ஆகும் சார், அவ்வளவுதான்."

"அப்ப வெள்ளிக்கிழமை பார்த்துடுவோம். நீ தாழ்ப்பாளோட, நான் திறந்த வீடா. உன் வழி சரிப்படலைன்னா அதைக் கழட்டிடணும். நீயும் இந்த அறையை விட்டுட்டு வரவேற்பு மேஜைக்குப் போயிடு."

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "விட்டுத் தொலையேன். உனக்கு எதுக்கு வம்பு?" என்றேன்.

"திரையில பேர் வர்றவங்க யாரும் இங்க வந்து கேட்கமாட்டாங்கண்ணே. அவங்களுக்காக நான்தான் கேட்கணும்."

என் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன், அவள் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் அந்த அறையில் பேட்டரியைக் குடைந்துகொண்டிருந்தேன். பேட்டரிக்கு ஒரு கேடும் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் டாக்டர்களுக்குப் போகாமல் இரண்டு கம்ப்யூட்டரில் சிக்கிக் கிடந்தன. ஆளுக்கு ஒன்று. மேனேஜர் பறந்தார். அந்தப் பறப்பில், மெஷின் பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே அதைத் தட்டிவிட்டார். கேட்ட பிறகு தட்டினால் எழுத்து தெரியாது; முந்திக்கொண்டதால் அது வெட்டவெளிச்சமாகத் திரையில் நின்றது. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்கிற தப்புதானாம். 'ச்சே' என்று மறுபடி தட்டி, ஒன்பது நிமிஷத்தில் முடித்தார். தங்கச்சிக்குப் பதினொன்று.

"பார்த்தியாம்மா?" என்று தொப்பியைத் தடவினார்.

அப்போது எல்லோருடைய போனும் கீச்சென்றது. ஏஜென்ட் சமர்த்தாக, வேலை அறிக்கையைத் துறையில் உள்ள பதினான்கு பேருக்கும் அனுப்பிவிட்டது. மூன்றாவது வரி: 'மேனேஜர் "சுருட்டைமுடி" என்று தட்டினார். அப்படி ஒரு கட்டளை கிடையாது.'

எல்லோர் கண்ணும் மேனேஜரின் தொப்பிக்குப் போனது. தங்கச்சி தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். பதற்றத்தில் அவளும் அதே தப்பைச் செய்திருந்தாள். ஆனால் 'சரி' தட்டுவதற்கு முன் படித்து, அந்த வரியை எடுத்துவிட்டாள். அவளுடைய அறிக்கையில் அது இல்லை. கூடுதலான இரண்டு நிமிஷம் அங்கேதான் போயிருக்கிறது.

முதலில் சிரித்தது மேனேஜர்தான். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"ஏம்மா, அந்தத் தாழ்ப்பாளை என் ஜன்னலுக்கும் போட்டுடு. இங்க இருக்கிற எல்லாத்துக்கும் போடு. இந்த அறை உன்னோடதுதான்."

"முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க சார்."

"மாத்தணும். புதுசா என்ன வைக்கலாம்னா..."

"ஐயோ, வாய்விட்டுச் சொல்லாதீங்க சார்!" என்று நான் பேட்டரிக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

அன்று மதியம் தங்கச்சி தன் சாப்பாட்டை முடித்துவிட்டு என் டப்பாவிலும் கை வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு மட்டும் அனுமதி வேண்டாமாம்.