தோற்ற கதை கேட்ட கூட்டம்

அரூரில் சமூகத் தொழில்முனைவோர் சிலர் மாதம்தோறும் கூடிப் பேசுவோம். சித்தேரி மலை விவசாயிகளிடம் சாமை வாங்கி முறுக்கு செய்வது என் தொழில். ஒருமுறை ஒருங்கிணைப்பாளர், "இன்னைக்கு ஜெயிச்ச கதை வேணாங்க. தோத்ததைச் சொல்லுங்க, அதுலதான் புதுசு பொறக்கும்" என்றார்.

நம்பினேன். மழைக்காலத்தில் என் முறுக்கில் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்ததையும், எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திரும்ப வாங்கியதையும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். என்னைப் போலவே முறுக்கு விற்கும் மல்லிகாக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

டீ குடிக்கும்போது, கூட்டத்துக்கு வந்திருந்த, என்னிடம் புதிதாக வாங்கத் தொடங்கிய கடைக்காரர் ஒருவர் அருகில் வந்தார். "உண்மைய சொன்னீங்க, சந்தோசம். ஆனா இனி உங்க சரக்கு வேணாங்க."

மல்லிகாக்கா ஈரக் கண்ணோடு தன் முறுக்குப் பாக்கெட்டை அவரிடம் நீட்டினார். "எங்கது ஒருநாளும் கெட்டதில்லீங்க."

இன்றும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். யாராவது மனம் திறந்தால் கைதட்டுகிறேன். என்னிடம் கேட்டால், "எல்லாம் நல்லா போகுதுங்க" என்று உட்கார்ந்துவிடுகிறேன்.