கோட்டுச் சபை

எங்க வீட்டுக்காரர் மிஷனரி. அப்படிச் சொன்னதும் முகத்துல ஒளி வீசுற ஒரு மகானை நினைச்சுக்காதீங்க. கடல் தாண்டி இந்தக் குளிர் ஊருக்கு வந்த முதல் வாரமே, பேங்க் வாசல்ல பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு வெறும் சாக்ஸோட உள்ளே போன மனுஷன். வெளிய வந்து பார்த்தா பூட்ஸைக் காணோம். யாரோ குப்பைன்னு நினைச்சு எடுத்துட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுல அவரே அதை நடிச்சுக் காட்டினார். எங்க வீட்டுல அது ஒரு பழக்கம். அன்னைக்கு யார் அசடு வழிஞ்சாங்களோ அவங்க வாயாலயே சொல்லணும், மத்தவங்க வயிறு வலிக்கச் சிரிக்கணும். அது மட்டும் இல்லன்னா நான் ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு என்னைக்கோ பிளைட் ஏறியிருப்பேன்.

ஆராதனைக்கு எங்களுக்குக் கிடைச்ச ஹால், முன்னால துணிக்கடையா இருந்த இடம். தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க நாலு பேர், அப்புறம் காலி நாற்காலிங்க. அவ்வளவுதான் சபை. காலி நாற்காலியைப் பார்த்தா அவருக்குப் புதுசாக் கத்துக்கிட்ட பாஷை நாக்குலயே ஒட்டிக்கும்.

அந்தச் சமயம் பார்த்து ஊர் முதியோர் இல்லத்துல இருந்து ஒரு வண்டி நிறைய பழைய கோட்டு வந்தது. "இல்லாதவங்களுக்குக் குடுங்க"ன்னு இறக்கிட்டுப் போயிட்டாங்க. யாரும் வாங்க வரல. என் புத்திசாலி என்ன பண்ணார் தெரியுமா? நாற்காலிக்கு ஒரு கோட்டு மாட்டினார். காலரைத் தூக்கிவிட்டு, மேல தொப்பியும் வச்சார். தினமும் மத்தியானம் அதுங்களுக்கு முன்னால நின்னு பிரசங்கம் பழக ஆரம்பிச்சார்.

பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஒண்ணு தூங்குமூஞ்சி மாமா, ஒண்ணு கணக்கு டீச்சர், ஒண்ணு இருமல் சித்தப்பா. "அப்பா, இன்னைக்கு டீச்சர் முறைச்சாங்களா?"ன்னு கேட்பாங்க. "காணிக்கை மட்டும் போட மாட்டேங்கிறாங்க"ன்னு அவர் சொல்வார். நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

ஆனா போகப் போக எனக்கு அந்த ஹாலுக்குள்ள போகவே பிடிக்கல. தெருவுல போறவங்க கண்ணாடிகிட்ட வந்ததும் நின்னுடுவாங்க. உள்ளே பார்ப்பாங்க. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பி ஓடினாங்க. ஒருத்தர் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார். "பாத்தியா, எவ்வளவு மரியாதை! மெதுவா வருவாங்க"ன்னு இவர் பூரிச்சுப் போனார். அந்த ஆளு பார்த்தது இவரை இல்ல. ரெண்டாவது வரிசையில இருந்த ஒரு கோட்டையே பார்த்துக்கிட்டிருந்தார்.

அப்புறம் பட்டன் விவகாரம். நாங்க திறந்தே மாட்டின கோட்டு, மறுநாள் போய்ப் பார்த்தா கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கும். ஒண்ணுக்கு யாரோ மப்ளர் சுத்தியிருந்தாங்க. பிள்ளைங்களை மிரட்டிக் கேட்டேன். "சத்தியமா நாங்க இல்லம்மா"ன்னு சின்னவன் அழுதுட்டான்.

இவர் வேற ஆளா மாறிக்கிட்டே வந்தார். சாப்பாட்டுல பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. கோட்டுங்க முன்னால மட்டும் பாஷை அருவியா கொட்டும். ஒரு நாள் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: "வர்ற ஞாயிறும் ஒருத்தரும் வரலன்னா பெட்டியைக் கட்டிடலாம். கடவுள் தப்பான ஆளை அனுப்பிட்டார்." ஊருக்குப் போறது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இப்படி ஒடிஞ்சு போன மனுஷனையா கூட்டிட்டுப் போறது? எனக்கு வந்ததே கோபம்! எல்லாம் இந்தப் பாழாப்போன கோட்டுங்களாலன்னு, மறுநாள் சாயங்காலம் அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, சாக்குப்பையோட ஹாலுக்குப் போனேன்.

"எழுந்திருங்க டீச்சர், சபை கலைஞ்சாச்சு. மாமா, வீட்டுல போய்த் தூங்குங்க"ன்னு பயத்தை மறைக்கச் சத்தமாப் பேசிக்கிட்டே ஒவ்வொண்ணா உருவினேன். கடைசி வரிசையில ஒரு சாம்பல் கோட்டு, பக்கத்துல கறுப்புக் கோட்டு. கறுப்புக் கோட்டோட தோளைப் பிடிச்சு இழுத்தேன். வரல. துணிக்குள்ள தோள் இருந்தது.

ஐயோன்னு கத்தினேன் பாருங்க, தெருவுக்கே கேட்டிருக்கும்.

கோட்டு தலையைத் தூக்கிச்சு. வயசான ஒரு அம்மா. "சத்தம் போடாதீங்க"ன்னாங்க மெதுவா. அவங்க பாஷை எனக்குக் கடை கண்ணிக்குப் போய்ப் பழக்கம். பக்கத்துல இருந்த சாம்பல் கோட்டைத் தடவிக்கிட்டே, "இவரை மட்டும் எடுத்துடாதீங்க. இவர் என் வீட்டுக்காரர்"ன்னாங்க.

நான் சாக்குப்பையைக் கீழ வச்சேன்.

"இவங்க எல்லாருமே அந்த இல்லத்துல இறந்து போனவங்கதான்"னு ஒவ்வொரு நாற்காலியா காட்டினாங்க. "இது பேக்கரிக்காரரோட அம்மா. அது தபால்காரர். எங்க ஊர்ல யார் கோட்டு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்கிருந்தோ வந்த ஒருத்தர் எங்க செத்தவங்களை உக்கார வச்சு தினமும் பேசுறார். உள்ளே வர யாருக்குத் தைரியம் வரும்?"

"அந்தப் பட்டன்?"

"இவருக்கு நான் போட்டேன். குளிருமே. மத்தவங்களுக்கு நான் போடல. இருட்டினப்புறம் பின்கதவு வழியா வேற ஆளுங்களும் வருவாங்க."

நான் வீட்டுக்கு ஓடிப் போய், கடையில இருந்து திரும்பியிருந்த அவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். இதைவிடப் பெரிய அசடு எங்க வீட்டுல யாரும் வழிஞ்சதில்ல, அவர் சிரிச்சுடுவார்னு பார்த்தேன். அப்படியே தரையில உக்காந்துட்டார். "செத்தவங்களை வேடிக்கைப் பொருளாக்கிட்டேனே"ன்னு முகத்தை மூடிக்கிட்டார். "மன்னிப்புக் கேட்டுட்டுக் கிளம்பிடலாம்"னார். "உங்கள் கோட்டுகளை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மன்னியுங்கள்"னு அவங்க பாஷையில எழுதிக் கண்ணாடியில ஒட்டினார். நான் உருவின கோட்டுங்களைப் பழையபடி அதது நாற்காலியில மாட்டிட்டு வந்து, பெட்டியைப் பரண்ல இருந்து இறக்கினேன்.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. ஒரு பேச்சு இல்ல, ஒரு இருமல் இல்ல. ஒவ்வொருத்தரும் நேரா தங்களோட கோட்டுகிட்ட போய், அதை எடுத்து, அதே நாற்காலியில உக்காந்து மடியில வச்சுக்கிட்டாங்க. ஹால் நிறைஞ்சுடுச்சு. அத்தனை பேரும் அவரையே பார்த்தாங்க. பிள்ளைங்க ரெண்டும் என் புடவைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.

இவர் எழுந்து நின்னார். வாய் திக்கிச்சு. "தெரியாமப் பண்ணிட்டேன். உங்க ஆளுங்களை... நான் உக்கார வச்சு..." அதுக்கு மேல வரல. கண்ணாடிக்கு வெளிய காத்து அடிக்கிற சத்தம் மட்டும்தான். எனக்கு அவரைப் பார்க்கவே மனசு தாங்கல. போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடலாமான்னு இருந்தது.

அப்போ நடுவுல இருந்து ஒரு தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். மடியில இருந்த கோட்டைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, இது எங்க அண்ணன். உயிரோட இருந்தப்ப அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உக்காந்தவன் இல்ல. குளிர்காலம் முழுக்க அவனை உக்கார வச்சுட்டீங்களே! எப்படி?"

ஒரு பொண்ணு களுக்குன்னு சிரிச்சா. அடுத்து இன்னொருத்தர். அப்புறம் ஹாலே அதிர்ந்தது. எங்க வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் முழிச்சார். சட்டுன்னு அவருக்கும் பொத்துக்கிட்டு வந்தது. கண்ணுல தண்ணி வர, மேஜையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அந்தப் பாஷையில நான் விளக்காம அவருக்குப் புரிஞ்ச முதல் ஜோக்கு அது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுட்டேன். இனி இவர் எங்கயும் போக மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு.

கடைசி வரிசையில அந்த அம்மாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. மடியில இருந்த சாம்பல் கோட்டை முழங்கையால மெல்ல இடிச்சு, "கேட்டீங்களா?"ன்னாங்க. தலையைச் சாய்ச்சுக் கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டாங்க. அப்புறம் முன்னைவிடப் பலமாச் சிரிச்சாங்க.