முயல் கம்பவுண்டர் என்று சிரித்தவர்களுக்கு

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஆசீர்வாதம் காலமானதைப் புதுக்கடைச் சந்தையில் மீன்காரி சொல்லித்தான் அறிந்தேன். "நம்ம முயல் கம்பவுண்டரு போயிட்டாரு, அம்மச்சி" என்றாள். பத்து வருடமாக நம் சபையார் அவரை அப்படித்தான் அழைத்துச் சிரித்தோம். அந்தப் பட்டப்பெயர் என்னால் வந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பின்னல் வேலையில் முதலாவதாக வந்ததற்கு மிஷன் துரைசாணி எனக்கு ஒரு வெள்ளை முயலைப் பரிசளித்தார்கள். ஊரில் வேறு யாரிடமும் முயல் கிடையாது. கோயில் விட்டு வருகிறவர்களை வழிமறித்துக் கூட்டிப்போய்க் காட்டுவேன். என் பேத்தி செல்லத்துக்கு அப்போது எட்டு வயது. அதை மடியிலிருந்து இறக்கமாட்டாள்.

சில மாதத்தில் அதன் காதுக்குள் தவிடுபோலச் சொறி கட்டியது. கூடையில் வைத்துக் கம்பவுண்டரிடம் கொண்டுபோனேன். அவர் காதை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"செள்ளு கேறியிருக்கு அம்மா. கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி, உண்ணி மாதிரி."

கந்தகம் குழைத்த தேங்காயெண்ணெயைக் காதுக்குள் மட்டும் தடவினார். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் வரச் சொன்னார். "வேற ஒண்ணும் தேச்சிராதீங்க. முயலு பூனை மாதிரி மேலெல்லாம் நக்கும்."

"எங்கிட்டயா சொல்லுதீரு? எத்தன கன்னுக்குட்டி வளத்தவ நான்!"

"கன்னுக்குட்டியும் சொன்னாக் கேக்காது அம்மா" என்று சிரித்தார்.

இரண்டு தடவை போய் வந்தும் சொறி முழுதும் உதிரவில்லை. அதற்குள் துரைசாணி வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் கொடுத்த முயலைச் சொறியோடு எப்படிக் காட்டுவது? கன்றுகளின் உண்ணிக்குப் போடும் புகையிலைத் தண்ணீரைக் காய்ச்சி, அதன் உடம்பெல்லாம் ஊற்றினேன். அது நக்கி நக்கித் துடைத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வெட்டி இழுத்துச் செத்துப்போனது.

செல்லத்தின் அழுகையைக் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ கம்பவுண்டரையும் கூட்டிவந்தார்கள்.

"மருந்தா குடுத்தீரு, வெசமா வேய்?" என்று பக்கத்து வீட்டு மரியாள் அவரைக் கேட்டாள்.

அவர் முயலைத் தூக்கி முகர்ந்தார். ஈர மயிரில் புகையிலை நாறியது. என்னைப் பார்த்தார். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுத செல்லத்தைப் பார்த்தார்.

"கந்தகம் கூடிப்போச்சு. எனக்க கைப்பிழைதான்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை.

பிறகு நம் தெருவில் ஆட்டுக்கு நோவு என்றால் யாரும் அவரை அழைப்பதில்லை. ஒருமுறை என் பசுவின் வயிற்றில் கன்று திரும்பி நின்றபோது, வேறு ஆள் கிடைக்காமல் அவரிடமே ஓடினேன். உடனே வந்தார், கன்றை உயிரோடு எடுத்துத் தந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, "அந்த முயலு..." என்று இழுத்தேன்.

"வாயில்லாச் சீவன் பொய் சொல்லாது அம்மா. கொண்டு வாற ஆளுதான் சொல்லும். எங்க வேலையில இது பழக்கந்தான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அப்போதாவது ஊரறியச் சொல்லியிருக்கலாம். கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற எனக்கு நாக்கு எழவில்லை.

அவரால் எனக்குக் கிடைத்தது பேத்தியின் பத்து வருடப் பிரியம். இன்று காலை செல்லத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.